மொட்டை மாடியில் 23 முயல்கள்

வீட்டு விலங்குகள்: வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முயலைப் பற்றியவை அதிகம். ஸ்ரீரங்கம் வாசகியின் கடிதம் அவசரமானது. அதனால் அதற்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

எங்கள் மேல் போர்ஷனில் ஒரு அக்கா குடியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் பையன் அடம்பிடித்தான் என்று சந்தையில் இரண்டு முயல் வாங்கினார். இரண்டும் பெண் என்று சொல்லித்தான் விற்றார்களாம். இப்போது மொட்டை மாடியில் மூன்று கம்பிக் கூண்டுகளில் 23 முயல்கள் இருக்கின்றன, நானே எண்ணினேன். மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, கணவர் வெளியூரில், பையன் பத்தாம் வகுப்பு. அக்காவால் முடியவில்லை. சில முயல்களுக்குக் காதுக்குள் ரொட்டி ஓடு மாதிரி பொருக்கு, ஒன்று தலையைச் சாய்த்தே நடக்கிறது, நாற்றம் கீழே வரைக்கும் வருகிறது. கேட்டால் அழுகிறார், இல்லையென்றால் கோபப்படுகிறார். மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் தானே கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவேன் என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். போலீஸில் சொல்லலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
— வாசகி, ஸ்ரீரங்கம்

அம்மா, போலீஸ் அப்புறம். இன்று ராத்திரியே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள். மருந்து, புல், நல்ல வீடு தேடுவது எல்லாம் நாளைக்குச் செய்யலாம். இதை மட்டும் ஒரு நாள் தள்ளினாலும் எண்ணிக்கை ஏறும்.

முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். மாட்டுக்கும் நாய்க்கும் பருவம் என்று ஒன்று வந்து போகும். முயலுக்கு ஆணோடு சேர்ந்த பிறகுதான், பத்து மணி நேரம் போல் கழித்து, கருமுட்டையே வெளியாகிறது. அதனால் எந்த நாள் சேர்ந்தாலும் சினை பிடிக்கலாம், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் பிடிக்கலாம். ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டி சாதாரணம், பெண் குட்டி நாலைந்து மாதத்தில் தாயாகிவிடும். இந்தக் கணக்குப்படி பார்த்தால் இரண்டு முயல் இரண்டு வருடத்தில் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அங்கே 23-தான் இருக்கிறது என்றால் நிறைய குட்டிகள் செத்துப்போயிருக்கின்றன என்று அர்த்தம். அந்த அக்கா எத்தனை குட்டிகளை யாருக்கும் சொல்லாமல் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தாரோ தெரியாது. கேட்டால் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள்.

ஏறும்போது யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஓனரை வேண்டவே வேண்டாம். போனைப் பையில் வைத்துவிடுங்கள். "அக்கா, தப்பு உங்க மேல இல்ல, விற்கும்போதே ஆணைப் பெண்ணுன்னு சொல்லிக் கொடுத்துட்டாங்க. இன்னைக்கு ஆணைத் தனியா, பெண்ணைத் தனியா வைக்க நான் கூட இருந்து செய்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். எல்லா முயலையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று முதல் நாளே சொன்னால் கதவு சாத்தப்படும், அடுத்த முறை திறக்காது. எனக்குத் தெரிந்து, முயல் நிறையச் சேர்ந்துபோன வீடுகளில் பெரும்பாலானவற்றில் பிரியம் குறையவில்லை. கை ஓய்ந்துபோயிருந்தது, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆண், பெண் பார்ப்பது எப்படி? வளர்ந்த முயலை மடியில் முதுகு சாய்த்து உட்கார வைத்து, பின்பக்கத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தி விலக்கிப் பாருங்கள். வட்டமாக, சின்னக் குழாய் போல் மேலெழும்பினால் ஆண். நீளவாக்கில் கோடு போல் பிளவு தெரிந்தால் பெண். நாலு மாதத்துக்கு மேல் ஆணுக்கு இரண்டு பக்கமும் முடியில்லாத விதைப்பை தெரியும், ஆனால் பயந்தால் அது விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளில் எங்களுக்கே தவறும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டவற்றில் சந்தேகமான ஒவ்வொன்றையும் ஆண் என்றே வைத்துக்கொண்டு பிரித்துவிடுங்கள்.

வளர்ந்த ஆண்களை ஒன்றாக அடைக்கக் கூடாது. ஒன்றையொன்று கடித்து விதைப்பையைக் கிழித்துவிடும், அந்தக் காயத்தைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பெட்டி வேண்டும். காய்கறிக் கடையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் பழையது கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றன் மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு கட்டினால் ஒரு வாரத்துக்குத் தாங்கும், அடியில் சாக்கும் அதன் மேல் காய்ந்த புல்லும் போடுங்கள். ஆண் பெட்டியைப் பெண் கூண்டோடு ஒட்டி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் இப்போதைக்குத் தாயோடு இருக்கலாம். வளர்ந்த பெண்கள் அத்தனையும் சினை என்றே எடுத்துக்கொண்டு, பிரித்த தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து 31 நாள், இன்னும் இரண்டு மூன்று நாள் கூடப் பொறுத்துப் பாருங்கள்.

தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்னங்காலைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். பின்னங்கால் அந்தரத்தில் இருந்தால் அது உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். முயலின் எலும்பு அவ்வளவு லேசு, தொடைச் சதை அவ்வளவு பலம்.

அடுத்தது வெயில். மொட்டை மாடி, திருச்சி, இந்தப் பருவம். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது, சூட்டை முக்கியமாகக் காது வழியாகத்தான் வெளியேற்றும். அந்தக் காதில்தான் பொருக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குக் கஷ்டம், உங்கள் ஊரில் 40 சர்வ சாதாரணம். காலை எட்டு மணிக்குள் கூண்டுகளைக் கீழே நிழலுக்கோ படிக்கட்டுக்கு அடியிலோ இறக்கிவிடுங்கள். ஓனரிடம் இதற்கு மட்டும் அனுமதி கேளுங்கள், "இந்தத் தேதிக்குள் காலி செய்கிறோம்" என்று தேதி சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தண்ணீரை அகலமான மண் சட்டியில் வையுங்கள். கிலோவுக்கு 100 மில்லி வீதம், இரண்டு கிலோ முயல் ஒரு நாளைக்கு 200 மில்லி குடிக்கும், இந்த வெயிலில் கூடவும் குடிக்கும். ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டில் போட்டால் அதன் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதை ஈரத் துணியால் துடைத்து, காற்று படும்படி வைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பக்கெட் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே செத்துவிடும். நாற்றம் அடிக்கிறதே என்று குளிப்பாட்டவும் வேண்டாம்.

23-ல் எதை முதலில் மருத்துவரிடம் கொண்டுபோவது? பார்க்க அசிங்கமாக இருப்பதைத்தான் எல்லோரும் முதலில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. சாப்பிடாமல், புழுக்கை போடாமல் ஒரு மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருப்பதுதான் முதல். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், 12 மணி நேரம் சாப்பிடவில்லை என்றால் உயிருக்கு ஆபத்து, அதைக் காலை வரை பார்க்கலாம் என்று விடக் கூடாது. அடுத்தது, பின்பக்கம் சிறுநீரில் ஊறி ஈரமாக இருப்பவை. வாலைத் தூக்கிப் பாருங்கள். ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். புழு இருந்தால் இடுக்கியால் எடுத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுங்கள். மூன்றாவது, எலும்பும் தோலுமாக இருப்பவை. அவற்றில் பலவற்றுக்குப் பல் நீண்டு வளைந்திருக்கும், சாப்பிட ஆசையாக வரும், வாயில் எடுத்துக் கீழே போடும். முயலின் முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல் வளரும், புல்லை மென்று மென்று தேய்ந்தால்தான் உண்டு. நகவெட்டியால் நீங்கள் வெட்டினால் பல் வேர் வரை பிளந்துவிடும். அப்புறம்தான் காதுப் பொருக்கு, அது வலிக்கும், அரிக்கும், ஆனால் இரண்டு நாள் பொறுக்கும். தலை சாய்ந்த முயல் சாப்பிடுகிறது என்றால் அதுவும் இந்த வரிசையில்தான். உள்காதில் சீழ் இருக்கலாம், மூளையைத் தாக்கும் ஒரு வகை ஒட்டுண்ணி இருக்கலாம். ஒரு மாதம்வரை மருந்து கொடுக்க வேண்டி வரும், சிலவற்றுக்குத் தலை முழுதாக நேராகாது, ஆனாலும் வருடக்கணக்கில் நன்றாக வாழும். தலை சாய்ந்துவிட்டது, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். கம்பியிலேயே நின்று நின்று பின்னங்கால் முடி உதிர்ந்து புண்ணாகியிருக்கும். மாடுகளுக்கு விரிக்கும் ரப்பர் மேட்டில் ஒரு துண்டோ, பழைய கோரைப் பாயோ கம்பி மேல் விரித்தாலே பாதி வேதனை குறையும்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். இதுவரை முட்டைக்கோஸ் இலையும் மீந்த சோறும் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன், மார்க்கெட்டில் சும்மா கிடைப்பது அதுதானே. ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகப் புல்லுக்கு மாற்றுங்கள். மாடு வைத்திருப்பவர்களிடம் கோ-4 என்ற தீவனப் புல் கேளுங்கள். அருகம்புல், நிழலில் காயவைத்த நிலக்கடலைக் கொடி, கொஞ்சம் கல்யாண முருங்கை இலை இவையெல்லாம் போதும். ஒவ்வொரு முயலுக்கும் அதன் உடம்பு அளவுக்கு ஒரு கட்டுப் புல் தினமும் வேண்டும். வைக்கோல் அடியில் விரிக்க ஆகும், வயிற்றுக்குப் போதாது. கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு சின்னத் துண்டு கொடுக்கலாம். சோறு, பிஸ்கட், ரொட்டி வேண்டாம்.

இனி அவற்றை எடுத்துக்கொண்டு வரும் விஷயம். அக்கா உங்களை நம்ப ஆரம்பித்த பிறகு, ஒரு வெள்ளைத் தாளில் "இத்தனை முயல்களை என் விருப்பத்தோடு ஒப்படைக்கிறேன்" என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது வந்து என் முயல் எங்கே என்று கேட்கும் தகராறு இருக்காது. அவருக்குப் பிடித்த இரண்டு பெண் முயல்களை அவரிடமே விட்டுவிடலாமா என்றும் யோசியுங்கள், கருத்தடை செய்து, நீங்கள் அவ்வப்போது போய்ப் பார்ப்பதாக இருந்தால். இதற்கு எதிராகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துக்கொண்டு வந்தால் அடுத்த வருடம் அந்த வீட்டில் புதிதாக இரண்டு குட்டி வந்திருக்கும். முயலின் புண்ணைப் போட்டோ எடுங்கள், மருத்துவருக்குக் காட்ட. அக்காவின் முகத்தையோ வீட்டையோ வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள், தயவுசெய்து.

உங்களால் 23-ஐ வீட்டில் வைத்திருக்க முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். இரண்டாவது மொட்டை மாடி அப்படித்தான் உருவாகும். விலங்கு நல அமைப்புகளிடம் முன்கூட்டியே பேசி, எத்தனைக்கு இடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அந்த எண்ணிக்கையைத்தான் ஒரு நடையில் எடுக்க வேண்டும். உங்களுக்கு நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 23 முயலுக்குத் தனியார் கிளினிக்கில் ஆகும் செலவை நீங்கள் ஒருவராகத் தாங்க வேண்டாம். கொண்டுபோவதற்கு முன் போனில் பேசிவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே முயல் இருந்தால் புதிதாக வந்தவற்றை மூன்று வாரமாவது வேறு அறையில் வையுங்கள்.

போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, போதுமான உணவு, தண்ணீர், இடம் கொடுக்காமல் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அந்த 50 ரூபாய் அக்காவைத் திருத்தாது, தெருவில் தலைகுனிய மட்டும் வைக்கும், அன்று ராத்திரியே முயல்கள் கொள்ளிடக் கரைக்குப் போய்விடலாம். நீங்கள் பேசியும் பிரிக்கவே விடவில்லை, கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கின்றன என்றால் அப்போது தயங்காமல் மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுங்கள். ஓனரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: விலங்கைப் பட்டினியிலோ தாகத்திலோ தவிக்கும்படி கைவிடுவதும் அதே பிரிவில் குற்றம்தான்.

நண்பர் வெளிநாடு போவதால் அவருடைய நான்கு முயல்களை எடுத்துக்கொண்டேன். காதிலும் மூக்கிலும் சொறி. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைக் கழுத்தில் இரண்டு சொட்டு விடலாம், கூடவே வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் கொடுக்கலாம் என்கிறார் கடைக்காரர். எனக்கும் கையில் அரிப்பு வந்திருக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

இரண்டுமே வேண்டாம், சார். நாய்க்கான உண்ணி சொட்டு மருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கிறது. அது முயலுக்கு வலிப்பு வரவைத்துக் கொல்லும். அமாக்ஸிசிலின், பென்சிலின் வகை மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, பேதியாகிச் சில நாளில் இறந்துவிடும். நோயில் இருந்து காப்பாற்றிய முயலை மருந்தில் சாகக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறாது.

சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி அல்லது செலாமெக்டின் சொட்டு, எடை பார்த்து, மருத்துவர் கையால். இரண்டு வார இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும், பொருக்கு உதிர்ந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் முட்டையிலிருந்து வந்த அடுத்த கூட்டம் தொடங்கிவிடும். காதுப் பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதற்கடியில் பச்சைப் புண். மருந்து போட்டால் பத்து நாளில் தானாக உதிரும். நான்குக்கும் ஒரே நாளில் சிகிச்சை செய்யுங்கள், நன்றாக இருப்பதுபோல் தெரிகிறதே என்று ஒன்றையும் விடாதீர்கள். கூண்டில் இருக்கும் சாக்கையும் புல்லையும் எரித்துவிட்டு, கம்பியைக் கொதிநீரில் கழுவுங்கள். உங்கள் அரிப்பு அந்தச் சொறிப் பூச்சியாகத்தான் இருக்கும், மனிதத் தோலில் அது நீடித்து வாழாது, ஆனாலும் தோல் மருத்துவரிடம் "முயலுக்குச் சொறி இருக்கிறது" என்று சொல்லிக் காட்டுங்கள். முயல்களுக்கு மருந்து முடியும்வரை கையுறை போட்டுத் தூக்குங்கள்.

ஒரு வீட்டில் கவனிப்பாரில்லாமல் இருந்த பெண் முயலைக் கொண்டுவந்தேன். வந்த ஆறாம் நாள் ஐந்து குட்டி போட்டுவிட்டது. தாய் பகலெல்லாம் குட்டிகள் பக்கமே போவதில்லை. நான் பசும்பால் கொடுக்கட்டுமா? நான் தொட்டதால்தான் ஒதுக்கிவிட்டதா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஒதுக்கவில்லை, பாப்பா. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் விடியற்காலையில் நீ தூங்கும் நேரத்தில், ஐந்து நிமிடம்கூட ஆகாது. பகலில் விலகி இருப்பது அதன் சுபாவம், குட்டி இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்க. காலையில் குட்டிகளின் வயிற்றைப் பார். உருண்டையாக, தோல் விறைப்பாக இருந்தால் பால் குடித்திருக்கின்றன. தோல் சுருங்கி, உடம்பு சில்லிட்டு, கத்திக்கொண்டே இருந்தால்தான் அவசரம், உடனே மருத்துவரிடம் போ. பசும்பால் வேண்டாம். நீ தொட்டதால் ஒன்றும் ஆகாது, தினமும் ஒரு தடவை எண்ணிப் பார்த்து, செத்தது இருந்தால் எடுத்துவிட வேண்டும். காய்ந்த புல் போட்ட ஒரு மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ வை, தாய் தன் முடியைப் பிய்த்து உள்ளே மெத்தை போடும், அந்த முடியைக் குப்பை என்று எடுத்துவிடாதே. பத்து நாள் போல் கண் திறக்கும். எட்டு வாரம் வரை தாயோடு விடு. மூன்று மாதத்துக்குள் ஆண் குட்டிகளைப் பிரித்துவிடு.

தாய்க்கு உடம்பு தேறியதும் கருத்தடை பற்றிக் கேள். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நாலு வயதுக்கு மேல் கருப்பையில் புற்றுநோய் வருவது மிகவும் அதிகம். அறுவைக்கு முன் நாயைப் பட்டினி போடுவது போல் முயலைப் போடக் கூடாது, அதற்கு வாந்தி வராது, குடல் வெறுமையாகவும் இருக்கக் கூடாது. ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் முயலுக்கு அறுவை செய்து பழகிய வேறு மருத்துவரைத் தேடு.

வாடகை வீட்டில் முயல் வைக்கக் கூடாது என்கிறார்கள். 11 முயல்கள் இருக்கின்றன. கொடைக்கானலில் குளிர், மன்னவனூரில்கூட முயல் வளர்க்கிறார்களே, அந்தப் பக்கம் காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?
— வாசகர், திண்டுக்கல்

பிழைக்காது. மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் முயல்கள் நன்றாக வளர்வது கூரைக்கு அடியில், கூண்டுக்குள், வேளாவேளைக்குத் தீவனத்தோடு. நம் காடுகளில் இருக்கும் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது, பிறந்த கொஞ்ச நேரத்தில் நடமாடும். வீட்டு முயல் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து முயலின் வழி வந்தது, குட்டி கண் மூடி வெறும் தோலோடு பிறக்கும். பல தலைமுறையாகக் கூண்டில் பிறந்த வெள்ளை முயலைக் காட்டில் விட்டால் நிலா வெளிச்சத்தில்கூடத் தெரியும், நாய், கீரி, காட்டுப்பூனை, ஆந்தை. ஒன்றிரண்டு ராத்திரி. தப்பிப் பெருகினாலும் நல்லதல்ல: ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் 1859-ல் வேட்டைக்காக வரவழைத்து விட்டது சுமார் 24 முயல், அந்த நாடு இன்றுவரை அதோடு போராடுகிறது. பதினொன்றில் எத்தனை ஆண் என்று இன்றைக்குப் பாருங்கள், ஸ்ரீரங்கம் வாசகிக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

மீட்ட முயல்களில் ஒன்றை மகளின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கேட்கிறார் என் மேலாளர். கொடுக்கலாமா?
— வாசகர், சென்னை

ஒன்றாகவும் வேண்டாம், பரிசாகவும் வேண்டாம். முயல் துணை இல்லாமல் வாடும் பிராணி, அதோடு எட்டு முதல் பத்து வருடம் வாழும், மகள் கல்லூரி முடிக்கும் வரை. சந்தையில் கையடக்கமாக இருக்கும் வெள்ளைக் குட்டி பெரும்பாலும் கறிக்காக வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை வகை, வளர்ந்தால் நாலு கிலோ. இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெரியவர்கள் யாராவது பொறுப்பெடுப்பார்களா என்று கேளுங்கள். கருத்தடை செய்த ஜோடியாகக் கொடுக்கலாம். ஆணுக்குச் செய்திருந்தால் அறுவைக்குப் பிறகும் ஆறு வாரம் பெண்ணோடு சேர்க்கக் கூடாது, அதுவரை சினை பிடிக்க வைக்கும் திறன் இருக்கும்.

டாக்டர், மற்றவர்கள் பக்கத்து வீட்டைப் பற்றி எழுதுவார்கள். நான் அந்த வீட்டுக்காரன். பத்து முயலோடு குட்டி விற்கலாம் என்று தொடங்கினேன், வேலையும் போய்விட்டது, இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும், சரியாகத் தெரியவில்லை. ஷெட்டுக்குள் போகவே பயமாக இருக்கிறது. டாக்டரிடம் கொண்டுபோனால் திட்டுவார்களோ என்று போகவில்லை.
— வாசகர், ஈரோடு மாவட்டம்

நீங்கள் பயந்தது சும்மா இல்லை. பல வருடத்துக்கு முன் ஒருவர் என் கிளினிக்குக்கு ஓர் அட்டைப்பெட்டியில் ஒரு முயலைக் கொண்டுவந்தார், உள்ளங்கால் இரண்டும் அழுகியிருந்தது. வீட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். பதினைந்து இருக்கும் என்றார். காத்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கடுமையாகப் பேசிவிட்டேன். காசைக் கொடுத்துவிட்டுப் போனார், கட்டுப் பிரிக்கக்கூடத் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் தெருக்காரர் ஒருவர் சொன்னார், அன்று ராத்திரியே எல்லாவற்றையும் ஏரிக்கரையில் விட்டுவிட்டாராம், மறுநாள் நாய்கள் இழுத்துக்கொண்டு திரிந்தனவாம். அந்தப் பதினைந்து முயலும் நான் பேசிய பேச்சால் போனவை. அதற்குப் பிறகு யாரையும் அப்படிப் பேசியதில்லை.

இன்று சாயந்திரம் வெயில் இறங்கியதும் நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போங்கள், தனியாகப் போக வேண்டாம். முதலில் எல்லாச் சட்டியிலும் தண்ணீர் வையுங்கள். அப்புறம் செத்துக் கிடப்பவற்றை எடுத்து ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள், அதைச் செய்யும்போது கூட இருக்கும் ஆள் பேசாமல் இருந்தால் போதும். அதன் பிறகு மேலே சொன்னபடி ஆண், பெண் பிரியுங்கள், ஆணுக்குக் காதில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், குழப்பம் வராது. கறிக்குக் கேட்டு யாராவது வந்தால், சொறிக்கோ வேறு நோய்க்கோ மருந்து போட்ட முயலைக் கொடுக்கக் கூடாது, மருந்து கறியில் இருக்கும். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்கு முதலில் மிக மோசமாக இருக்கும் இரண்டை மட்டும் கொண்டுபோங்கள், கூட்டம் குறைந்த நேரத்தில், போனதும் "நாற்பது இருக்கிறது, என்னால் முடியவில்லை" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

சரியான எண்ணிக்கை தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை, சாப்பிடாதது எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, பத்திரிகை முகவரிக்கே அனுப்புங்கள். பெயர் வேண்டாம். எந்தெந்த முயலுக்கு எது முதலில் என்று நான் வரிசை போட்டுத் திருப்பி அனுப்புகிறேன், அடுத்த இதழ் வரை காத்திருக்க வைக்க மாட்டேன்.